தண்ணீர் ஊற்றினால் சாப்பாடு

ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டில் நேரத்துக்கு நேரடியாக விலை உண்டு. மாதச் சம்பளக்காரர் அடுப்படியில் கூடுதலாக அரை மணி நேரம் நின்றால் அவருடைய ஓய்வுதான் குறையும். சேலைக்கு இவ்வளவு என்று பேசிக் கூலி வாங்கும் நெசவாளிக்கோ அந்த அரை மணி நேரம் நெய்யாமல் விட்ட அங்குலங்களாகக் கணக்கில் வந்து நிற்கும். தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் என்று சுற்றிலும் தறி ஓடும் ஊர்களிலும் இதே கணக்குத்தான். குழித்தறியில் காலை இறக்கி உட்காருபவர் ஒருவராக இருக்கலாம். அவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பதும், அறுந்த இழையை முடிவதும், பாவு பிணைக்கும்போது கூட உட்காருவதும் வீட்டில் இருக்கும் மற்றவர்கள். பாவைத் தெருவில் நீட்டிக் கட்டும் நாளில் வேலை விடியுமுன் தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் அக்கம்பக்கத்தாரும் கைகொடுக்க வருவார்கள். அந்தக் காலையில் சட்னி அரைத்து இட்லி ஊற்ற ஆள் மிஞ்சுவதில்லை. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜரிகையையும் கரையையும் எழுதுகிறார்கள். நெய்தவர் மத்தியானம் என்ன சாப்பிட்டார், அதை யார் எப்போது சமைத்தார் என்பது அந்தக் கணக்கில் சேருவதில்லை.

நெசவு வீட்டுக்கு நெருக்கடியான நாள் இரண்டு வகை. முகூர்த்தத்துக்கோ தீபாவளிக்கோ சேலையை அறுத்துக் கொடுத்தாக வேண்டிய நாள் ஒன்று. வேலை கைநிறைய இருக்கும், சமைக்க நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழிக்குள் நீர் ஊறிவிடும் நாள் மற்றொன்று. அன்று நேரம் நிறைய இருக்கும், தறி ஓடாது, கூலி வராது. முதல் வகை நாளில் கையில் காசு புரள்வதால் கடைப் பாக்கெட்டோ ஹோட்டல் பார்சலோ ஒப்பேற்றிவிடும். இரண்டாம் வகை நாளில் அதற்கும் வழியில்லை. எனவே கெடாமல் இருக்கும் உணவை வீட்டில் செய்து வைப்பது இந்த ஊருக்குப் பொழுதுபோக்குச் சமையல் குறிப்பாக இருக்க முடியாது. கோடையின் நேரத்தையும் காசையும் அவசர நாளுக்கும் மழை நாளுக்கும் நகர்த்தி வைக்கும் ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டைச் செய்ய இரண்டு பாதைகள் இருக்கின்றன. சமைத்த சாப்பாட்டை ஈரத்தோடு அடைத்து வைப்பது ஒரு பாதை. ஈரத்தை நீக்கியோ புளிப்பை ஏற்றியோ சாப்பாட்டின் பாதியை மட்டும் செய்து வைத்து, மீதியை அன்றன்று வெந்நீரிடமும் அடுப்பிடமும் விடுவது இன்னொன்று. முதலாவது தொழிற்சாலைக்கு உரியது என்பதும், வீட்டுக்கு இரண்டாவதே சரி என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதல் பாதைக்கு இப்போது கவர்ச்சி கூடியிருக்கிறது. சாம்பாரையும் குருமாவையும் சுடச்சுடக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, பாட்டிலைக் குக்கரில் வைத்து நாலு விசில் விட்டால் மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும் என்று கேள்விப்பட்டுச் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். காற்றை உறிஞ்சி பையை ஒட்டும் சிறு இயந்திரம் வாங்கி, பொங்கலையும் கூட்டையும் அதில் அடைப்பவர்களும் இருக்கிறார்கள். மேலைநாட்டு வீடுகளில் பாட்டிலில் அடைப்பது நீண்ட காலப் பழக்கம் என்பது உண்மை. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற சமையல்காரர் உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையைக் கண்டு, 1810இல் அரசிடமிருந்து 12,000 பிராங்க் பரிசு வாங்கினார். உணவு ஏன் கெடுகிறது என்று அவருக்கே தெரியாது. கிருமிதான் காரணம் என்பதைப் பாஸ்டர் விளக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. காரணம் தெரியாமலே வெற்றி கிடைத்த அந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது. அதை அடைக்க மேலைநாடுகள் கொடுத்த விலையைப் பார்க்காமல் பாட்டிலை மட்டும் இரவல் வாங்குவதுதான் இப்போது நடப்பது.

அந்த ஓட்டையின் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணில் வாழும் இந்தப் பாக்டீரியா, காலம் சரியில்லாதபோது கெட்டியான வித்தாக மாறி உறங்கிவிடும். 100 டிகிரியில் கொதிக்கும் நீர் அந்த வித்தைக் கொல்லாது. கிழங்கு, பூண்டு, கீரை என்று மண்ணோடு தொடர்புள்ள எதிலும் அது ஒட்டியிருக்கலாம். திறந்த பாத்திரத்தில் இருந்தால் அதனால் நமக்குத் தொல்லையில்லை. காற்று இருக்கும் இடத்தில் அது வளராது. பாட்டிலில் அடைத்து, சூட்டால் மற்ற கிருமிகளைக் கொன்று, காற்றையும் வெளியேற்றி, ஈரமும் சத்தும் உள்ள உணவோடு அறைச் சூட்டில் வைத்தால், அதற்கு வேண்டிய வீட்டை நாமே கட்டிக் கொடுத்ததாகிவிடும். காற்றை உறிஞ்சினால் பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. அது சுரக்கும் நஞ்சு நரம்புகளை முடக்கி, மூச்சு விடும் தசைகள் வரை செயலிழக்கச் செய்வது. பெல்ஜியத்தில் 1895இல் ஒரு விருந்தில் பரிமாறிய பன்றித் தொடை இறைச்சியை ஆராய்ந்துதான் எமில் வான் எர்மெங்கம் இந்தப் பாக்டீரியாவை அடையாளம் கண்டார். பழைய கதை என்று விடவும் முடியாது. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து லங்காஸ்டர் ஊரில் தேவாலய விருந்தொன்றில் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்ட 29 பேருக்கு இந்த நோய் வந்தது; ஒருவர் இறந்தார். வீட்டில் கொதிநீர் முறையில் பாட்டிலில் அடைத்து வைத்திருந்த உருளைக்கிழங்குதான் காரணம். பாட்டிலில் அடைப்பதைத் தலைமுறைகளாகச் செய்துவரும் நாட்டில் நடந்தது இது.

குக்கர் இருக்கிறதே, அதில் 120 டிகிரி வருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் வீட்டுக் குக்கரின் அழுத்தத்தில் நீராவி ஏறக்குறைய அந்தச் சூட்டை எட்டத்தான் செய்கிறது. ஆனால் வித்து சாக வேண்டுமென்றால் பாட்டிலின் நட்டநடுவில், சூடு கடைசியாகப் போய்ச்சேரும் புள்ளியில், 121 டிகிரி மூன்று நிமிடம் நிற்க வேண்டும். கெட்டியான குருமாவின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்ட நெடுநேரம் ஆகும். எவ்வளவு நேரம் என்பது பாட்டிலின் அளவையும் குழம்பின் கெட்டித்தன்மையையும் பொறுத்து மாறும். விசில் என்பது நேரத்தையோ சூட்டையோ அளக்கும் கருவி ஆகாது. அதனால்தான் வீட்டில் பாட்டில் அடைப்பதற்கென்று அமெரிக்காவில் அழுத்தமானி வைத்த பெரிய பாத்திரம் தனியாக விற்கிறது. சாதாரணக் குக்கரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்நாட்டு வேளாண் துறையே எச்சரிக்கிறது. நம் நாட்டில் இந்த வேலையை முறையாகச் செய்பவர்கள் உண்டு. மைசூரில் 1961இல் தொடங்கிய ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம், எல்லையில் இருக்கும் வீரர்களுக்காகப் பல அடுக்குப் பைகளில் புலாவையும் கறியையும் அடைத்து, அழுத்தக் கொப்பரையில் கணக்காகச் சூடேற்றும் நுட்பத்தை வளர்த்தெடுத்தது. 1984இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது கொண்டுபோன இந்திய உணவும் அந்தக் கூடத்தின் தயாரிப்புதான். பைக்குள் சூடு எவ்வளவு ஏறுகிறது என்பதை அளந்து பார்த்துச் செய்கிற வேலை அது. அந்த அளவுகோல் இல்லாத அடுப்படியில் ஈரச் சாப்பாட்டை மாதக்கணக்கில் அறைச் சூட்டில் வைப்பது குருட்டு நம்பிக்கை.

இனி இரண்டாம் பாதை. உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அந்த நீரில் எவ்வளவு கிருமியின் கைக்கு எட்டுகிறது என்பதே முக்கியம். உப்பும் சர்க்கரையும் மாவுச்சத்தும் பிடித்து வைத்திருக்கும் நீர், சீட்டில் போட்ட பணம் மாதிரி. இருக்கும், நினைத்தபோது எடுக்க முடியாது. எடுக்கக்கூடிய நீரை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் உணவியலார் குறிக்கிறார்கள். நீர்ச்செயல்பாடு என்று அதைச் சொல்லலாம். இந்த அளவை உணவுக் கிருமிகளோடு பொருத்திக் காட்டியதில் ஆஸ்திரேலிய விஞ்ஞானி டபிள்யூ. ஜே. ஸ்காட் 1950களில் செய்த ஆய்வுகளுக்குப் பெரிய பங்குண்டு. சோறும் சாம்பாரும் ஒன்றை ஒட்டி நிற்கும். 0.91க்குக் கீழே போனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளராது. 0.85க்குக் கீழே நோய் தரும் பாக்டீரியாக்களுக்கு வேலையில்லை. பூஞ்சை மட்டும் முயன்று பார்க்கும். 0.6க்குக் கீழே அதுவும் முடியாது. நன்றாக வறுத்து அரைத்த பருப்புப்பொடியும், ஒடித்தால் சத்தம் வரும் கொத்தவரங்காய் வத்தலும், அவலும் பொரியும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவை. இதே போல இன்னொரு கோடு புளிப்பில் இருக்கிறது. புளிப்பு கூடக் கூடக் குறையும் pH எண் 4.6க்குக் கீழே இருந்தால் பாட்டுலினம் வளர முடியாது. புளியும் எலுமிச்சையும் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருப்பவை. பாட்டி பெயர் சொல்லிப் பழமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. பாட்டிமார் வைத்த ஊறுகாய் எத்தனையோ பூசணம் பூத்திருக்கிறது. கெடாமல் நின்றவை ஏன் நின்றன என்பதை இந்த இரண்டு எண்களே விளக்கிவிடுகின்றன என்பதுதான் செய்தி.

ஆரணிக்குப் பட்டைப் போலவே அரிசியும் பேர் வாங்கித் தந்திருக்கிறது. பக்கத்துக் களம்பூரிலும் அரிசி ஆலைகள் நிறைய. ஆலை இருக்கும் ஊரில் நொய் கிடைக்கும். முழு அரிசியைவிட விலை குறைந்த இந்த நொய்தான் அவசரச் சாப்பாட்டுக்கு அரிசியைவிட நல்ல மூலப்பொருள். சின்னதாக உடைந்திருப்பதால் சீக்கிரம் வேகும், வறுக்கும்போது உள்ளே வரை சூடு போகும். இரண்டு பங்கு நொய்யையும் ஒரு பங்கு பாசிப்பருப்பையும் தனித்தனியாகச் சிவக்காமல் வாசம் வர வறுத்து, பொடித்த மிளகு சீரகம், வறுத்துக் கருகாமல் மொறுமொறுப்பான கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம் சேர்த்து, முழுக்க ஆறவிட்டு டப்பாவில் அடைத்தால் ஒரு கலவை தயார். ஒரு டம்ளருக்கு நாலு டம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் குக்கரில் மூன்று விசில் விட்டால் பாவு நீட்டுகிற காலைக்குப் பசியாறிவிடும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் தாராளமாக இருப்பதால் இது வெறும் வயிற்றை நிரப்பும் கஞ்சியாக நின்றுவிடாது. நிழலில் உலர்த்திக் கசக்கிய முருங்கைக்கீரையைக் கொதிக்கும்போது ஒரு கரண்டி போட்டால் இன்னும் நல்லது. அடுப்பே பற்ற வைக்க முடியாத நாளுக்கு அவல் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்ததால் அவல் ஏற்கெனவே பாதி வெந்தது. தாளித்த பொட்டுக்கடலை, வறுத்த மிளகாய், உப்பு இவற்றோடு கலந்து வைத்த மெல்லிய அவலில் வெந்நீர் தெளித்து மூடினால் ஐந்து நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும்.

வறுப்பதன் வேலை மணம் கூட்டுவது மட்டும் என்று நினைப்பவர்கள்தான் அவசரமாக வறுத்துவிட்டு, பொடி பத்து நாளில் கட்டி தட்டுகிறது என்று அங்கலாய்க்கிறார்கள். வறுப்பது ஈரத்தை விரட்டுவதற்கு. சூட்டோடு மூடினால் உள்ளே எழும் ஆவி மூடியில் நீராகப் படிந்து, விரட்டிய ஈரத்தைத் திரும்ப அழைத்து வரும். போதுமான அளவு காய்ந்ததா என்று வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. ஆறிய கலவையைச் சுத்தமான கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு போட்டு மூடி, ஒரு வாரம் கண்ணில் படும் இடத்தில் வைத்துத் தினமும் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஜாடியின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் படிந்தாலோ, பொடி ஓரத்தில் ஒட்டினாலோ இன்னும் காயவில்லை என்று பொருள், மறுபடி வறுக்கலாம். பூசணம் தெரிந்தால் வறுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும். பச்சைத் தேங்காய், வதக்கிய வெங்காயம், ஈரம் போகாத பூண்டு ஆகிய மூன்றும்தான் பொடியைக் கெடுப்பதில் முன்னணியில் நிற்பவை. கொப்பரை போட்டால்கூட எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் அந்தப் பொடிக்கு ஆயுள் குறைவு.

புளிக்காய்ச்சலின் கதை வேறு. அதில் ஈரம் ஓரளவு இருக்கும்; காப்பது புளிப்பும் உப்பும். கரைத்த புளியை நல்லெண்ணெயில் வற்ற வற்றக் காய்ச்சும்போது எண்ணெய் பிரிந்து மேலே வர வேண்டும் என்பார்கள். அந்தப் பதத்துக்கு ஒரு காரணம் உண்டு. நீர் நிறைய இருக்கும்வரை எண்ணெய் குழம்போடு கலந்து நிற்கும். நீர் வற்றியதும் பிடி விட்டுப் பிரியும். எண்ணெய் பிரிவது என்பது நீர் போதிய அளவு போய்விட்டது என்பதற்குக் கண் பார்க்கும் அடையாளம். மேலே நிற்கும் எண்ணெய் காற்றையும் பூஞ்சையையும் தடுக்கும். இதே எண்ணெய்ப் போர்வை புளிப்பில்லாத பொருளின்மேல் விழுந்தால் விபரீதம். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேரைப் பாட்டுலினம் தாக்கியது. குளிர்ப்பெட்டியில் வைக்காமல் இருந்த, எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டுதான் காரணம். எண்ணெய் காற்றை அடைத்தது, பூண்டு மண்ணிலிருந்து வித்தைக் கொண்டுவந்தது, தடுக்கப் புளிப்பு இல்லை. நம் பூண்டு ஊறுகாயில் எலுமிச்சைச் சாறோ புளியோ தாராளமாகச் சேருவது ருசிக்காக மட்டும் என்று எண்ணி, புளிப்பு பிடிக்காத குழந்தைக்காக அதைக் குறைத்து எண்ணெயில் மட்டும் மிதக்க விடுவது கூடாது. அப்படி வேண்டுமென்றால் அது குளிர்ப்பெட்டியில் சில நாளுக்கு மட்டும்.

இந்த வேலைக்கு ஊரின் காலண்டரே இடம் கொடுக்கிறது. மாசி கடைசியில் வெயில் பிடிக்கத் தொடங்கும். மே 4 முதல் 28 வரை வரும் அக்னி நட்சத்திரத்தில் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமான செய்தி. கத்தரி, கொத்தவரை, மணத்தக்காளி, சுண்டை என்று எதையும் காயவைக்க அந்த வெயில் போதும். குழம்புக்கு வெங்காய வடகமும் அப்போதே உருட்டிவிடலாம். ஈரக்காற்று வீசும் ஐப்பசியில் வத்தல் போட உட்காருவது வீண். அதே ஈரத்தால் பட்டு இழையும் தறியில் தொந்தரவு கொடுக்கும் என்பது நெசவாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே கோடையில் காயவைத்ததை நவராத்திரிக்கு முன் ஒருமுறை வெயிலில் காட்டி, மழைக்குள் சிறு சிறு டப்பாக்களாகப் பிரித்து அடைப்பது நல்லது. பெரிய டப்பாவைத் தினம் திறந்தால் தினம் ஈரம் உள்ளே போகும்.

ஒரு பொருளில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இந்த மாவட்டத்தில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலை தாராளமாக விளைகிறது. விலை மலிவாகக் கிடைக்கும் புரதமும் கொழுப்பும் அதில் இருப்பதால் பொடிக்கும் சத்துமாவுக்கும் சேர்ப்பது இயல்பு. சரியாகக் காயாத கடலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோது, அவற்றுக்குத் தீனியாகப் போட்ட கடலைப் பிண்ணாக்கிலிருந்துதான் இந்த நஞ்சு முதன்முதலில் தெரியவந்தது. கல்லீரலைத் தாக்கும் இதை வறுத்து அழித்துவிடலாம் என்று நம்ப முடியாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசக்கிறது என்று தோன்றும் கடலைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் வறுக்க வேண்டும். விலை குறைவு என்று சொத்தைக் கடலையைப் பொடிக்கு ஒதுக்குகிற சிக்கனம் வேண்டாம். பொடித்துவிட்டால் எது சொத்தை என்று கண்ணுக்குத் தெரியாது.

கடையில் எல்லாம் பாக்கெட்டில் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பது முதல் எதிர்வாதம். பாக்கெட் கலவைகளைத் தாழ்த்திப் பேசுவதில் பயனில்லை. அவையும் இதே உலர்ந்த பாதையில் வந்தவைதான். 1924இல் தொடங்கிய பெங்களூரு எம்.டி.ஆர். உணவகம், இரண்டாம் உலகப்போரின் அரிசித் தட்டுப்பாட்டில் ரவையைக் கொண்டு இட்லி செய்ததாகச் சொல்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் உணவகத்தை நடத்த முடியாத அளவுக்கு விலைக் கட்டுப்பாடு வந்தபோதுதான் கலவைகளைப் பாக்கெட்டில் போட்டு விற்கும் தொழில் அவர்களிடம் வேர்விட்டது. நெருக்கடியில் பிறந்த சரக்கு நெருக்கடியில் இருப்பவருக்கு உதவினால் தவறென்ன? தவறில்லை, காசு இருந்தால். நொய்யும் பாசிப்பருப்பும் வாங்கி வறுப்பதற்கும் அதே எடையில் கலவைப் பாக்கெட் வாங்குவதற்கும் உள்ள விலை வித்தியாசம், மாதச் சம்பள வீட்டில் பெரிதாகத் தெரியாமல் போகலாம். கூலி நின்றுபோகும் கார்த்திகையில் அது தெரியும். குளிர்ப்பெட்டி வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. மாவும் குழம்பும் சில நாளுக்கு வைக்க அது அருமையான சாதனம்தான். மின்சாரம் போகும் புயல் வாரத்தில் அதை நம்பி ஒரு மாதச் சாப்பாட்டை வைக்க முடியாது.

உப்பைப் பற்றிய எதிர்வாதம் இதைவிடக் கனமானது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்; இந்தியரின் சராசரியோ 8 கிராம் வாக்கில் இருப்பதாக மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறியது. நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர் ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயுமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? இது சரியான கவலை. ஆனால் குற்றம் எல்லா உலர் உணவின்மீதும் விழ வேண்டியதில்லை. ஊறுகாய்க்கும் மோர் மிளகாய்க்கும் உப்பு ஒரு காவலாளி, எடுத்துவிட்டால் கெட்டுவிடும். வறுத்துக் காயவைத்த நொய்க் கலவைக்கும் முருங்கைப் பொடிக்கும் சத்துமாவுக்கும் உப்பே தேவையில்லை, வறட்சியே போதும். சமைக்கும்போது அளவாகப் போட்டுக்கொள்ளலாம். எனவே அலமாரியில் எது நிறைய இருக்க வேண்டும் என்ற வரிசையை மாற்றினால் போதும்: உப்பில்லாமல் நிற்பவை பெரிய டப்பாவில், உப்பால் நிற்பவை சின்ன ஜாடியில். காயவைத்தால் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும் என்பதும் உண்மை. அதற்கு உலர்ந்த பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. தட்டில் பாதி எலுமிச்சையைப் பிழிந்தாலோ ஒரு தக்காளியை நறுக்கினாலோ அது திரும்ப வரும். பாதியைத்தான் முன்கூட்டிச் செய்கிறோம் என்று தொடக்கத்திலேயே சொன்னதன் காரணமும் இதுவே.

மிச்சமிருப்பது எளிதில் பதில் சொல்ல முடியாத எதிர்வாதம். வறுப்பதும் இடிப்பதும் காயவைப்பதும் யார் வேலை? நாட்டின் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சம் பேரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள் என்கிறது 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். இதில் ஈடுபட்டவர்கள் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும்: பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர்தான். தறிக்கும் அடுப்புக்கும் நடுவே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவரிடம் கோடையில் மாடியேறி வத்தலும் போடு என்று சொல்வது அவருடைய அவசர நாளைக் குறைத்து, ஓய்ந்திருக்கும் நாளைப் பறிப்பதாக முடியும். பழமையைப் புகழும் சமையல் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. இதற்கு முழுப் பதில் உலர் உணவிடம் இல்லை. ஆனால் ஈரச் சமையலிடம் இல்லாத ஒரு வசதி அதனிடம் இருக்கிறது. சாம்பாரைக் கொதிக்க வைத்து இறக்குவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். அந்தக் கைப்பழக்கம் ஒருவரிடமே இருக்கும்வரை அவர்தான் தினமும் எழுந்து போக வேண்டும். கலவை செய்யும் நாளில் திறமை முழுவதும் டப்பாவுக்குள் போய்விடுகிறது. பிறகு தண்ணீர் அளந்து ஊற்றவும் விசிலை எண்ணவும் தெரிந்தவர் எவரும் அதைச் சாப்பாடாக்கலாம். வறுத்தரைக்கும் பாடும் முன்போல் இல்லை. கலந்து எடுத்துப் போனால் மாவு மில்லில் அரைத்துத் தந்துவிடுவார்கள். நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் வறுத்தால் அடுப்பும் எரிபொருளும் மிச்சம். பாவு நீட்ட அக்கம்பக்கம் கூடும் ஊரில் இதற்குக் கூடுவது புதுப் பழக்கமாக இருக்காது.

ஆனால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற வசதி, யாரோ ஒருவர் எழுதி வைக்காதவரை வசதியாகாது. அளவு சமைத்தவரின் மனதில் மட்டும் இருந்தால், நெய்கிறவர் தறியிலிருந்து எழுந்து வந்து, இதற்கு எத்தனை டம்ளர் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுவார். டப்பாவின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, என்ன கலவை, எந்த மாதம் வறுத்தது, ஒரு டம்ளருக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், எவ்வளவு உப்பு, எத்தனை விசில் என்று ஐந்து விவரமும் எழுதுவது வறுப்பதைப் போலவே முக்கியமான வேலை. மாதம் தெரிந்தால் பழையதை முதலில் எடுக்கலாம். நொய்க் கலவையை மூன்று மாதத்துக்குள்ளும், எண்ணெய்ப் பசை உள்ள கடலைப் பொடியை ஒரு மாதத்துக்குள்ளும் தீர்த்துவிடும்படி சிறிய அளவில் செய்வது உத்தமம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதினால், அன்றைக்கு அடுப்பைப் பற்ற வைப்பவன் அவனாகவும் இருக்கலாம்.